சரிவின் அடியில் ஒரு பெயர்க்கல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தாலும், எதையாவது மறந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் கல்முனை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாவிக்கரைப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் கூலி வாங்காமல் சிரமதானம் செய்து, நாலு சில்லு பூட்டிய பலகையில் ஏறிச் சறுக்கி விளையாட ஒரு சீமெந்துச் சரிவு கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில், பலகை வேகமாக வந்து இறங்குகிற இடத்திலேயே, முழங்கால் உயரத்தில் ஒரு பெயர்க்கல் நிற்கிறது. நாளைக்குத் திறப்பு விழாவாம்.

கையில் சீமெந்து காய்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன்.

"ஏன் புள்ள, இதில மோதினா பல்லுப் போகாதா?"

"போகும்தான் அம்மா. ஓரத்தில வைங்க எண்டு சொன்னம். பிரதம விருந்தினர் கல்ல மூடின திரைய இழுக்கக்குள்ள சரிவும் சேர்ந்து படத்தில விழ வேணுமாம்."

"அப்ப நீங்க எங்கால ஓடுற?"

"எங்களுக்கென்ன, இங்கால நிண்டு கைதட்டுற வேலைதானே!"

அவள் சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மண் சுமந்தது இவர்கள். விழுந்து பல்லை உடைக்கப்போவதும் இவர்கள். கல்லில் இருப்பதோ விருந்தினரின் பெயர் மட்டும்.

பஸ்ஸில் ஏறிவிட்டேன். கல் நட்டநடுவிலா, சற்று இடப்பக்கமா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. யாராவது போய்ச் சரிபாருங்கள். போகும்போது கல்லைக் கிளப்ப ஒரு அலவாங்கும் கொண்டுபோங்கள்.