நீல விளக்கு மட்டும்

உயிருள்ள பவளம் வளர்க்க, அக்ரிலிக் பலகைகளை ஒட்டித் தானே கடல்நீர்த் தொட்டி செய்திருந்தார் விளாங்குடிக்காரர் ஒருவர். என் வீட்டுப் பவளத்தொட்டியின் விளக்குதான் உசத்தி என்று சொல்லிக்காட்டவே அவர் வீட்டுக்குப் போனேன். ஒல்லியான மனிதர், பேசும்போதெல்லாம் துண்டு நுனியால் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நீல விளக்கு மட்டும் எரிந்தது.

“வெள்ளையையும் போடுங்களேன்” என்று சுவிட்சில் கைவைத்தேன்.

“வேணாம்ணே.” குரலைத் தாழ்த்தினார். “ஆயுதபூசைக்குத் தெளிச்ச மஞ்சத்தண்ணி மிச்சத்த வீட்டுக்காரி இதுல ஊத்திட்டா. பவளம் பூராம் செத்து வெளுத்துப்போச்சு. வெள்ள லைட்டுல தெரிஞ்சிரும்.”

“அவுங்ககிட்ட சொல்லலையா?”

“ஆசையா செஞ்சாண்ணே.”

அவர் மனைவி காப்பியோடு வந்தார். “எம்புட்டு அழகா மின்னுது பாத்தீகளாண்ணே!”

“ஆமாம்மா” என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். என் வீட்டில் இது நடந்திருந்தால் தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அந்த ஒல்லி மனிதரின் முகத்தைப் பார்க்கக் கூசியது.