கோட்டை உச்சியின் அடுப்படி

“நீங்க நிக்கறதே கோட்டைதான்” என்று சுமியே அம்மா சொல்லும்போது கையில் அரிவாள் இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஹினோமே மலைக்கு மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள், வெள்ளைச் சுவரும் அடுக்கடுக்கான கூரையுமாக ஒரு கோபுரத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுவார்கள். அங்கே இருப்பதோ மலையைச் செதுக்கிய சமதளங்கள், வறண்ட அகழி, சரிந்த கற்சுவர். “கோபுரம் இடிஞ்சுபோச்சாம்மா?” என்பார்கள். “இருந்தாத்தானே இடியும்” என்று சொல்லிவிட்டு கோட்டையை மூடி வளரும் மூங்கில் குருத்தை வெட்டப் போய்விடுவார். வயது அறுபத்தெட்டு. மழைநாள் தவிர எல்லா நாளும் காலை ஆறு மணிக்கு மலையில்தான் இருப்பார். யாரும் அனுப்பி அவர் போகவில்லை, யாரும் நன்றியும் சொன்னதில்லை.

கோபுரம் இருந்ததில்லை என்பது அவர் புத்தகத்தில் படித்ததல்ல. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இங்கே அகழாய்வு நடந்தபோது, கூலிக்கு மண் கிளற எடுக்கப்பட்ட ஊர்ப் பெண்களில் அவரும் ஒருவர். தொப்பி போட்ட பேராசிரியர்கள் நின்றபடி கை காட்டினார்கள். முட்டி தேயத் தோண்டியவர்கள் பெண்கள். மூன்று கோடைக்குப் பிறகு உச்சித்தளத்தில் கிடைத்தவை தட்டையான அடித்தளக் கற்கள், சாம்பல், கரிபிடித்த பானை ஓடுகள், கருகிய அரிசி ஒரு பிடி. அரிசியைக் கண்டெடுத்தது சுமியேதான். அந்தக் காலத்தில் கோட்டையை ஆண்ட பிரபுவின் வீரர்களுக்குச் சோறு வடித்த அடுப்படி அது. எல்லாவற்றையும் வரைந்து, அளந்து, மேலே மணல் பரப்பி மூடிவிட்டார்கள். இன்றும் முழங்கை ஆழத்தில் அது இருக்கிறது.

தெற்குச் சுவரில் தலைகீழாகச் செருகிய ஒரு கல்லறைக் கல்லை எல்லோருக்கும் காட்டுவார். கல் போதாதபோது பிரபுவின் ஆட்கள் இடுகாட்டைக் கூட விட்டுவைக்கவில்லை. பிறகு மேலிடத்து ஆணை வந்து கோட்டையை உடைக்கச் சொன்னபோது, சுவரின் மூலைகளைத் தட்டிச் சரிக்க வந்ததும், கல் சுமந்து அதைக் கட்டிய அதே ஊர்க்காரர்கள்தான். மலையடிவாரப் பலகையில் பிரபுக்களின் பெயர் மூன்று தலைமுறைக்கு இருக்கிறது. சுமந்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. “சுமந்தவனுக்கு முதுகுதான் இருந்துச்சு, பேரு இல்ல போல” என்பார் சுமியே.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தச் சுற்றறிக்கைப் பலகை வந்து சேர்ந்தது.

ஊர்ச்சங்கத்தின் அறிவிப்புகளை ஒரு பலகையில் செருகி வீடு வீடாக அனுப்புவது வழக்கம். படித்தவர் தன் பெயருள்ள கட்டத்தில் விரல்நுனி அளவு முத்திரையைப் பதித்து அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். முதல் தாளில் குப்பை எடுக்கும் நாள் மாற்றம். இரண்டாவது தாளில், மலை உச்சியில் மூன்றடுக்கு வெள்ளைக் கோபுரம், கான்கிரீட்டில், பயணிகளைக் கவர்வதற்கு.

சுமியே பலகையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

காரணம் இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரு தாள் வந்தது. முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவர், படிக்காமலே முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் இயந்திரம் வந்து கீழ் அகழியை மண்ணால் நிரப்பி வண்டி நிறுத்துமிடம் ஆக்கியது. கேட்கப் போனபோது, சங்கத் தலைவர் ஹமாசாக்கி தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் சுமியேயின் சொந்த முத்திரையே சிவப்பாகச் சிரித்தது.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு மிட்சுயோ வந்தாள். “பலகையை விடுங்கக்கா. குப்பை நாள் மாறினது யாருக்கும் தெரியல. எங்க வாசல்ல காக்கா எல்லாத்தையும் இழுத்துப் போட்டிருக்கு.”

“இழுக்கட்டும். காக்காயாவது படிக்காம முத்திரை வைக்காது.”

“நீங்க ஒருத்தர் வைக்கலன்னா கோபுரம் நின்னுடுமா?”

“அதான்டி ஆறு நாளா எனக்கும் தெரியல.”

எட்டாம் நாள் ஹமாசாக்கியே வந்தார். சலூன் வைத்திருப்பவர், ஊரில் எல்லாத் தலையும் அவர் கைக்குள் குனிந்தவைதான். “முத்திரைன்னா படிச்சேன்னுதான் அர்த்தம், சுமியே. சம்மதம்னு யார் சொன்னா?”

“அப்ப எதுக்கு அதை நகராட்சிக்குக் கொண்டுபோறீங்க, தலைவரே?”

“எல்லாரும் படிச்சாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. அப்போ ஊருக்குச் சம்மதம்தானே?”

இந்தத் தர்க்கத்தை எந்தப் பள்ளியில் கற்றாரோ. பேசாதவனின் மௌனத்தை வாரிக் கட்டி, அதற்கு ஊர் ஒற்றுமை என்று பெயர் வைக்கிறவர்கள் உலகில் எங்கும் குறைவில்லை.

பத்தாம் நாள், ஆண்டுக்கொரு முறை ஊரே கூடி மலையில் புல் வெட்டும் ஞாயிறு. எல்லோரையும் முத்திரை எடுத்துவரச் சொல்லியிருந்தார் ஹமாசாக்கி. தேநீர் இடைவேளையில், உச்சித்தளத்தில் நாற்பது பேர் அமர்ந்திருக்க, சுமியே துணியில் சுற்றிய பலகையோடு எழுந்தார்.

“நாம உக்காந்திருக்கற எடத்துக்கு அடியில அடுப்படி இருக்கு. முழங்கை ஆழந்தான். கான்கிரீட் இறங்கினா ஒரு கல்லும் மிஞ்சாது. இல்லாத கோபுரத்தைக் காட்டறதுக்காக, இருக்கற அடுப்பை உடைக்கப்போறோம். நம்ம ஆளுங்க அங்கதான் வெந்துகிட்டுக் கிடந்தாங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். “அப்படியா” என்றார் ஒருவர். இன்னொருவர் ஊறுகாய் டப்பாவை அடுத்தவர் பக்கம் தள்ளினார். அருவி மாதிரி கத்தினாலும் பாறைக்கு ஈரம்தானே மிச்சம் என்பது போல சுமியே நின்றார்.

“நல்லாச் சொன்னீங்க” என்றார் ஹமாசாக்கி. “எல்லாரும் கேட்டாச்சு. யாருக்கும் சொல்ல ஒண்ணுமில்லையே? சரி, வரிசையா வைங்க.” மைப்பெட்டியைத் திறந்து சுமியேயின் முன் நீட்டினார்.

சுமியே உட்கார்ந்து, துணியைப் பிரித்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டார். மைப்பெட்டியைப் பார்க்கவில்லை. எட்டி, ஹமாசாக்கியின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். தன் கட்டத்தில் எழுதினார்: ‘படித்தேன். சம்மதமில்லை.’ நகத்தளவு கட்டம் போதாமல், கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய் விழுந்தன. அடுத்த கட்டம் மிட்சுயோவுடையது.

மிட்சுயோ முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “என் கட்டத்தையும் எடுத்துக்கிட்டீங்களேக்கா. இப்ப நான் எங்க வைக்கறது?”

“ஓரமா வைம்மா, பரவாயில்ல” என்று ஹமாசாக்கி மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

சுமியே மைப்பெட்டியை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.