எல்லா நாளும் நாலு டிகிரி

ஓசூர் மருந்துக் கடைக்காரர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் மாமியார். நான் அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால் போதும், அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ‘மாமியார் புறப்பட்டாச்சு’ என்று செய்தி போய்விடும். மருந்து ஆய்வாளரான எனக்கு அது பெருமையாகவே இருந்தது. பயந்தால்தான் ஒழுங்காக இருப்பார்கள் என்று வீட்டிலும் சொல்லித் திரிந்தவன் நான். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சானமாவு காட்டைத் தாண்டி ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அதன் மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதா படம், பக்கத்தில் ஃபிரிட்ஜின் வெப்பநிலையை எழுதும் நோட்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி மருந்து அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கும். எட்டு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சூடு பட்டால் பார்வைக்கு அப்படியே இருக்கும், வீரியம் போய்விடும். அதனால்தான் தினமும் காலையும் மாலையும் பார்த்து எழுதச் சொல்கிறோம்.

முதல் முறை போனபோது ஒரு நாளுக்கு எதிரே பதினெட்டு என்றிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘யானை வந்ததால் லைன் ஆஃப். ஊசி மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டேன்.’ காட்டோரத்தில் யானைக் கூட்டம் இறங்கினால், கம்பியில் பட்டுச் சாகாமலிருக்க மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அங்கே அது சாதாரணம்.

“ஏம்மா, பதினெட்டா?” என்றேன்.

“ஆமாங்க சார். இருந்தத எழுதினேன். அந்த மருந்த யாருக்கும் குடுக்கல. தனியா வெச்சிருக்கேன், பாருங்க.”

அவர் எடுத்துக் காட்டிய டப்பாவை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவர் எழுதிய அந்த வரியையே ஆதாரமாக வைத்து மருந்தகத்தின் உரிமத்தை ஒரு வாரம் நிறுத்த வைத்தேன். மேலதிகாரி தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் நோயாளிகள் எதிரிலேயே, “உன்ன யாரு எழுதச் சொன்னது?” என்று அந்தம்மாவைப் பார்த்துக் கத்தினாராம். அதைக் கேள்விப்பட்டும் எனக்கு உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் போனேன். நோட்டில் எல்லா நாளும் நாலு டிகிரி. காலையில் நாலு, மாலையில் நாலு, ஞாயிற்றுக்கிழமையும் நாலு. இத்தனை மாதத்தில் ஒரு யானைகூடவா வரவில்லை? ஒரு நாளாவது ஐந்து இருக்கக்கூடாதா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. எனக்குப் புரியத்தான் செய்தது. அந்தம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. இன்வெர்ட்டர் போட்டாச்சு என்று டாக்டர் ஒரு ஒயரைக் காட்டினார். ‘ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோடையில் அங்கே ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. ரத்தம் நிற்கவில்லை என்று ஊசி போட்டிருக்கிறார்கள், மறுபடியும் போட்டிருக்கிறார்கள், நிற்கவில்லை. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது.

விசாரணைக்குப் போனேன். நோட்டில் அவள் இறந்த அன்றும் நாலு. முந்தின இரண்டு நாளும் நாலு. மருந்தில் மிச்சம் இல்லை, எல்லாம் செலவாகிவிட்டது என்றார்கள். கதவைச் சாத்திவிட்டு அந்தம்மாவிடம் கேட்டேன்.

“உண்மையச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“மொத தடவ உண்மையத்தானே சார் எழுதினேன்” என்றார். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

மின்வாரியத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் லைன் இருந்ததா என்று தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் என் கையெழுத்தும் சேர்ந்து சந்திக்கு வரும். மருந்தால்தான் போனாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மருந்தால் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இடுக்கில் ஒளிந்துகொண்டேன்.

இறந்துபோன பெண்ணின் கணவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், சிப்காட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து சீருடையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். யார் மேலும் புகார் கொடுக்க வரவில்லை.

“வேற எதும் கேக்கலைங்கய்யா. அவளுக்குப் போட்ட ஊசி நல்ல ஊசிதானா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

“நாலு டிகிரியிலதாம்பா இருந்துச்சு” என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டார். “அப்ப எங்க தலையெழுத்துய்யா” என்றார். வேறு ஏதாவது தெரியவந்தால் சொல்லச் சொல்லி, ஒரு தாளில் செல்போன் எண்ணை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த நாலு என்னை விடவில்லை. வீட்டில் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், உள்ளே கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். கடைகளில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டைக் கண்டால் வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பேன். தப்பை நீங்களே எழுதிக் காட்டினால் நடவடிக்கை எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். தலையாட்டினார்கள். மாமியார் திடீரென்று கொஞ்சினால் எந்த மருமகள் நம்புவாள்?

போன மாதம் ஒரு காலையில் அந்தம்மாவே போன் செய்தார்.

“சார், ஆனை வந்திருக்குது. இன்வெர்ட்டரும் நின்னுபோச்சி. பதினாலு காட்டுது. என்ன எழுதட்டும்?”

“பதினாலுன்னே எழுதுங்கம்மா.”

“அப்படின்னா பக்கத்துல நீங்களும் வந்து கையெழுத்துப் போடணும்.”

போனேன். பதினாலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒதுக்கி வைத்திருந்த டப்பாவை இந்த முறை கையில் வாங்கிப் பார்த்தேன். புது மருந்து வரும்வரை பிரசவத்துக்கு வருகிறவர்களை ஓசூருக்கு அனுப்பச் சொன்னேன். நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் துடைத்தபடியே சொன்னார். “அந்தப் பொண்ணு செத்த அன்னிக்கு இருபத்தி மூணு சார். மூணு நாளா அப்படித்தான். மருந்த ஒதுக்கி வெச்சா எதுக்குன்னு எழுதணும். அதான் வெக்கல.”

எடுத்த வண்டிச் சாவியை மறுபடி மேசைமேல் வைத்தேன்.

“இதயும் எழுதிக்குவீங்களா சார்?”

எழுதினால் முதலில் போவது அந்தம்மாவின் வேலைதான். அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் ஒருவரும் என்னிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். “இல்லம்மா” என்றேன். இத்தனை நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஒருவழியாக என்னை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

அந்தக் கணவர் எழுதிக் கொடுத்த தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் உள்ள எண் எனக்கு மனப்பாடம். அவரும் என்னை நம்பிக்கொண்டுதான் இருக்கிறார், நாலு டிகிரி என்று.