எதுக்கும் அக்காவின் வெள்ளைத் துணி

வாளியில் ஊறிக்கொண்டிருக்கும் துணியை அக்கா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே அமுக்குகிறார். ஏற்கெனவே இரண்டு தடவை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட துணிதான் அது. சுருங்க வேண்டியதெல்லாம் முதல் தடவையிலேயே சுருங்கிவிட்டது. “எதுக்கும் இன்னொரு தடவை முக்கிடறேன். தச்சதுக்கு அப்புறம் சுருங்குச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது?” என்று குளியலறையிலிருந்து குரல் வருகிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல்களைப் பதறாமல் கேட்டுப் பழகியவர்.

“ஆளை ஏத்தற லிப்டுக்கே ரெண்டு தடவைதாம்மா சோதனை” என்பார் சாவகாசமாக.

ஒரு ரெடிமேட் கடையில், மாடிப்படிக்கு அடியில் ஆல்டரேஷன் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அக்கா. கடையில் எல்லாருக்கும் அவர் ‘எதுக்கும் அக்கா’. பேன்ட் நீளத்தைக் குறைக்கச் சொன்னால், “எதுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்பார். போட்டுக் காட்டினால், “எதுக்கும் ஷூவோட போட்டுக் காட்டுங்க” என்பார். வந்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் அக்கா கைபட்ட துணி சரியில்லை என்று திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. மடிப்பில் ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தாலும் கட்டைவிரல் தடவிச் சொல்லிவிடும். கண் அப்புறம்தான் போய்ப் பார்க்கும்.

இப்போது அந்தக் கண்தான் வம்பு செய்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டு வருகிறது. போனது போனதுதான்; இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றலாம், எவ்வளவு காலத்துக்கு என்று உறுதி சொல்வதற்கில்லை. கடையில் அக்கா இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நேராகத் துணிக்கடைக்குப் போய் வெள்ளை லினன் வாங்கினார். வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

ஆசை பழையது. திரைச்சீலைக்கு அளவெடுக்க ஒரு வீட்டுக்குப் போனபோது, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு துணியைப் பார்த்தார். ஒடுக்கமாக, நீளமாக ஒரு துணி. மேலிருந்து கீழே வரை பட்டை பட்டையாக எம்பிராய்டரி. ஒரு பட்டையில் இருந்த தையல் இன்னொன்றில் இல்லை. மேலே பொடிப்பொடியான பெருக்கல் குறிகளாகச் சுலபமான தையல். கீழே வர வர நுணுக்கம் கூடிக்கொண்டே போய், கடைசிப் பட்டையில் துணியின் இழைகளையே வெட்டி உருவிவிட்டு, மிஞ்சிய இழைகளைக் கட்டிக் கட்டிக் குட்டிக் குட்டிச் சன்னல்களாக ஆக்கியிருந்தார்கள். அதில் வெட்டினால் வெட்டினதுதான், பிரித்துத் தைக்க வழி கிடையாது. அக்கா திரைச்சீலையை மறந்து நின்றுவிட்டார். அப்படி ஒன்றைத் தன் கையால் தைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் விழுந்தது.

“இத்தனை வருஷமா அடுத்தவங்க தச்சதைப் பிரிக்கறதுதாங்க என் பொழப்பு. முதல்லேருந்து கடைசி வரைக்கும் நான் தச்சதுன்னு காட்ட ஒரு கைக்குட்டைகூட இல்லை” என்று சொல்லும்போது சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால்தான் இத்தனை ஜாக்கிரதை. துணியை வெட்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வெறும் கத்தரியை நம்பாமல், ஓரத்தில் ஒரே ஒரு இழையை ஊசியால் நெம்பி, அறுந்துவிடாமல் இழுத்து உருவி, அது விட்டுப்போன தடத்திலேயே வெட்டினார். நாலு ஓரமும் பிரியாமலிருக்க மடித்துக் கையாலேயே தைத்தார். அப்புறம் நூல். சிவப்பு நூலை நனைத்துக் கணவரின் வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து அழுத்தினார், சாயம் இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கியது. “பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று ஜெயித்தவர் மாதிரி கத்திவிட்டு, தண்ணீர் தெளியும்வரை நூலை அலசித் தள்ளினார். கணவர் இளஞ்சிவப்புக் கைக்குட்டையோடு வேலைக்குப் போய் நாள் முழுக்கக் கிண்டலை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நிறம் சேர்ப்பது பகல் வெளிச்சத்தில்தான், ட்யூப்லைட்டை நம்பக் கூடாது என்று நூல்களைச் சன்னல் கட்டையில் பரப்பி வைத்தார். கறுப்பையும் கருநீலத்தையும் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“ஏங்க, இதுல எது நீலம்?”

கணவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்கும் அதுதான்னு தோணுச்சு. எதுக்கும் கேட்டேன்.”

அன்றைக்கு அதற்கு மேல் எதையும் தொடவில்லை. தொடங்காதவரைக்கும் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குள் ஒரு நினைப்பு. ஊசியைக் குத்திப் பார்த்து இழை தெரியாமல் போய்விட்டால், டாக்டர் சொன்னது உண்மையாகிவிடும். அந்தப் பயத்தைத்தான் வாளியில் போட்டு முக்கிக்கொண்டே இருக்கிறார்.

மூன்றாம் முறையும் நனைந்து காய்ந்த துணிக்கு இஸ்திரி போட்டபின் ஒரு வழியாக நடுக்கோட்டுக்கு வந்தார். வெளிர்நீல நூலில், பத்து இழைக்கு மேலே, பத்து இழைக்குக் கீழே என்று உச்சியில் முடிச்சுப் போட்டு அடிவரை ஓட்டுத் தையல். இதை நம்பித்தான் அத்தனை பட்டைகளும் இடம் பிடித்து உட்கார வேண்டும்; எல்லாம் முடிந்ததும் உருவிப் போட்டுவிடலாம். மத்தியானம் முழுக்கத் தைத்து முடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எதுக்கும் ஒரு தடவை எண்ணிடறேன்” என்று பூதக்கண்ணாடியை எடுத்தார். பாதித் துணியில் கண்ணாடி நின்றது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் வந்தது. அந்த ஒரு தையலுக்குக் கீழே மட்டும் பதினோரு இழை.

“பத்தோ பதினொண்ணோ, யாரும்மா எண்ணப் போறா?” என்றார் கணவர்.

“நான் எண்ணினேனே! பத்துன்னு எண்ணித்தானே தச்சேன்.”

அக்கா துணியை மடியில் போட்டுக்கொண்டார். விரல்கள் அந்தத் தையலை விட்டு நகரவில்லை.

“பயமா இருக்குங்க. மேலேருந்து ஒவ்வொண்ணா தச்சு, கை பழகி, கடைசிப் பட்டைக்கு வர்றதுக்குள்ள எனக்கு ஊசி முனை தெரியுமா? அந்தச் சன்னல் வேலைக்காகத்தானே இவ்வளவும்.”

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் ‘இதோ ஆச்சு’ என்று சொல்லலாம். இங்கே அது செல்லாது. கணவர் எழுந்து போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்தார். தையலைப் பிரித்து, துணியை நனைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்று அவருக்குத் தெரியும். கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் அவரால் முடிந்தது.

அக்கா வாளியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். துணியை அதன்மேல் விரித்து, கையால் நீவிவிட்டு, அப்படியே அரைச் சுற்றுச் சுற்றி மேல்கீழாகத் திருப்பினார்.

“தலைகீழா வச்சிருக்கியே. அது அடிப்பக்கம்.”

“தெரியும். சன்னல் வேலை அங்கதானே.”

“அப்போ அந்தப் பதினொண்ணு?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

கட்டைவிரல் துணியின் அடியோரத்தைத் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. ஊசி முனையால் ஒரே ஒரு இழையைத் தூக்கினார். சின்னக் கத்தரியின் அலகை அதற்கடியில் செலுத்தி வெட்டினார்.