கசப்பைக் குடித்தவள்

என் மகளுக்கு நாலு வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது, வேறொரு ஊரில். கதறக் கதற என் இடுப்பிலிருந்து அவளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் மேலகரத்தில் மருந்துக் கடையைத் தாண்டினால்கூட என் கழுத்தை இறுக்கிக்கொள்வாள்.

அடுத்த வருஷம் டான்சில். எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். என் கணவர் சவூதியில், லீவு கிடைக்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும்தான் போனோம்.

காலையில் மயக்க மருந்து டாக்டரம்மா ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னிடம் பேசாமல் அவளிடமே பேசினார்.

“இதக் குடிச்சா பயம் போயிரும். லேசா உறக்கம் வரும். உம்மா மடியிலயே இருக்கலாம். ஆனா கசக்கும் பாத்துக்கோ.”

“ஊசி போடுவியளா?”

“நீ முழிச்சிருக்கையில போட மாட்டேன். உறங்கின பொறவுதான்.”

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள், “எம்மூக்கப் பிடிச்சுக்கோ உம்மா” என்றாள். பிடித்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை.

நர்ஸ் அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் மடியில் இருந்த உடம்பு தளர்ந்தது. சுவரில் குற்றாலத்து ஐந்தருவிப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“உம்மா, ஐந்தருவில ஏழு அருவி விழுது!”

நர்ஸும் சிரித்துவிட்டார். தள்ளுவண்டியில் படுக்க வைத்தோம். வழியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்து, “ஆச்சி, சாப்ட்டாச்சா?” என்று குழறினாள். தியேட்டர் கதவருகே நான் கையை விட்டேன். அவள் தேடவில்லை. கதவு மூடிய பிறகு அழுதது நான்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஐஸ்கிரீம் தின்றபடி, “எப்ப உம்மா உள்ள போவோம்?” என்று கம்மிய குரலில் கேட்டாள். வண்டி, ஆச்சி, அருவி எதுவுமே நினைவில்லை. அந்த மருந்து அப்படித்தான், மறக்கடித்துவிடும் என்றார் டாக்டரம்மா.

போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எம்புள்ள அழாம போனாளாக்கும்? எல்லாம் அந்த மருந்து செஞ்ச வேல” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “போனது மருந்துலதான். மருந்தக் குடிச்சது யாரு? அப்ப மருந்து ஒண்ணும் அவ உள்ள போகலயே. கசக்கும்னு தெரிஞ்சே குடிச்சா.”

“அவ கைல போனக் குடு” என்றார்.

அவள் தொண்டை வலியில் அதிகம் பேச முடியாமல் வெறுமனே காதில் வைத்துக் கேட்டாள். அவர் என்ன சொன்னாரோ, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் அப்படி ஒரு மிடுக்கு.