பாதி பஸ் நிரம்பாத ஊர்

நாவக்காடு எங்கே இருக்கிறது தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். அந்த வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டருக்கே தெரியவில்லை!

கரடியூரில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போக, போன வாரம் ஏற்காடு ஒண்டிக்கடையில் சாயங்கால பஸ் ஏறினேன். பக்கத்தில் ஓர் இளம் தம்பதி. கையில் பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை. சேலம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பிரசவமாம். அந்தப் பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு; பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் புருஷன் சடையன் நாவக்காட்டுக்கு டிக்கெட் கேட்டான்.

"நாவக்காடா? சார்ட்டுலயே இல்லீங்களே! கரடியூர் டிக்கெட் வாங்கிக்குங்க. எடம் வந்தா சொல்லுங்க, நிறுத்தறோம்" என்றார் கண்டக்டர்.

"ரோட்டோரம் பெரிய பலாமரம் வருமுங்க. அங்கதான்."

அடுத்த வருஷம் சென்சஸ் வருகிறதே... சும்மா கேட்டு வைத்தேன். "உங்க ஊர்ல எத்தனை பேர்?"

"அத்தன பேரும் ஏறுனாலும் இந்த பஸ்ஸுல பாதி ரொம்பாதுங்கம்மா."

"பாப்பாவையும் சேர்த்தா?"

"அது மடியில உக்காந்துக்குமுங்க!" சடையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மூடுபனி வந்துவிட்டது. சும்மா பனியா அது? டிரைவருக்கு ரோடே தெரியவில்லை, மரம் எங்கே தெரியும்! தாண்டிவிட்டோம் என்றார் ஒருவர். இன்னும் வரவில்லை என்றார் இன்னொருவர். பஸ்ஸுக்கு ராத்திரி ஹால்ட் கரடியூரில்; திரும்பி வராது. தப்பான இடத்தில் இறங்கினால் இந்தக் குளிரில், மேட்டில், நடந்துதான் ஆக வேண்டும்.

"என்னால நடக்க முடியாதுங்க... தையல் இழுத்துப் புடிக்குது" என்றாள் சின்னப்பொண்ணு. கண்ணில் தண்ணீர். சடையன் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வெளியே தேடினான். வெறும் வெள்ளை.

டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். கண்டக்டர் படியில் தொங்கியபடி பனியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க... நாவக்காடு எங்கீங்க?"

ஊரிடமே ஊரின் விலாசத்தைக் கேட்ட மனிதரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோரும் ஜன்னல் பக்கம் காதை நீட்டினோம். பிறகு, ரோட்டில் கொஞ்சம் முன்னாலிருந்து...

"இங்கதானுங்க! வாங்க, வாங்க!"

முதலில் ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். குழந்தைகளின் கூச்சல் வேறு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே டிரைவர் பஸ்ஸை மெல்ல மெல்ல ஓட்டினார்.

பலாமரத்தடியில் கம்பளி போர்த்திக்கொண்டு நாவக்காடே நின்றது. இடுப்பில் குழந்தையோடு பெண்கள், கையில் தடியோடு தாத்தாக்கள். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில் — சின்னப்பொண்ணைப் படுக்க வைத்துத் தூக்கிப் போக!

"ஊரு பூரா இங்க வந்துட்டா, ஊட்டுல யாருங்க இருக்கறது?" என்றார் கண்டக்டர்.

"யாருமில்லீங்க. ரெண்டு நாளா பஸ் வர்ற நேரத்துக்கு வந்து பாத்துட்டுப் போறமுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓர் அம்மாள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். தூங்கும் குழந்தையைப் பார்த்தார். விசிலை எடுத்துவிட்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் மெதுவாகத் தட்டினார்.

பாதி பஸ் நிரம்பாத ஊர்தான். இறங்கியதும் மூன்றே பேர்தான் — அப்புறம் ஏன் எனக்கு பஸ்ஸே காலியாகிப் போன மாதிரி இருந்தது?