துவைத்துவிட்ட பதினோரு சட்டைகள்

எங்கள் அண்ணி யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் சட்டைக் காலரைத்தான் பார்ப்பார். பிறகு கைமடிப்பு, பிறகு பொத்தான், அதற்கும் பிறகுதான் ஆள். ஒருமுறை அண்ணனுடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். ஆள் எப்படி என்று அண்ணன் கேட்டபோது, இரண்டாவது பொத்தானை வேறு நூலில் தைத்திருக்கிறார்கள் என்றார் அண்ணி. இருபது வருடமாக இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தான் இப்படிப் பார்ப்பது அவருக்கே தெரியாது.

முதலில் அவர் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறும் கறையும் தேடும் வேலையில் இருந்தார். அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். நடிகர்கள் போடும் துணிகளைத் துவைத்து, தேய்த்து, கிழிந்ததைத் தைத்து, மறுநாள் காலை வண்டியில் ஏற்றும் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அண்ணன் வீட்டிலேயே இருந்து அண்ணிக்குக் கூடமாட வேலை செய்வேன். இஸ்திரிப் பெட்டி என்னுடையது, ஊசி அவருடையது.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் படம் வந்தது. காணாமல் போன மகளைத் தேடி ஒரு மனிதன் காலையிலிருந்து மாலைவரை நகரம் முழுக்க அலைகிற கதை. படம் முழுக்க ஒரே நாள் என்பதால் அவனுக்கு ஒரே சட்டை, வெளிர் நீலத்தில். ஆனால் அந்த ஒரு சட்டைக்கு நாங்கள் பதினொன்று தைத்தோம். முதல் சட்டை சலவையிலிருந்து எடுத்தது போல இருக்கும். மூன்றாவதில் அக்குள் வியர்வை, ஐந்தாவதில் முழங்கையில் கிரீஸ், ஏழாவதில் கைமடிப்பில் ரத்தம். ஒன்பதாவதில் தோள் கிழிந்து தொங்கும். படப்பிடிப்பு வரிசையாக நடக்காது. இன்று கடைசிக் காட்சி எடுப்பார்கள், நாளை நடுவில் ஒன்று. அதனால் அண்ணி ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு சட்டை வரைந்து, எந்தக் கறை பொத்தானிலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்று குறித்து வைத்தார். ரத்தம் என்பது சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் கோகோ தூள். எங்கள் சமையல் மேடையில்தான் காய்ச்சினோம். ஒருநாள் அண்ணன் பசியில் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இதற்கா ஊரே பயப்படப் போகிறது என்றார்.

படப்பிடிப்பு முடிந்ததும் பதினோரு சட்டையும் எங்கள் வீட்டுக்கு வந்தன. நாலாம் நாள் அலமாரியிலிருந்து சுவர் வழியாக எறும்பு வரிசை இறங்கியது. பாகுக்கு எறும்பு வராமல் என்ன செய்யும்? அண்ணி சட்டைகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் துவைத்தார். ஒன்பதாவதின் கிழிந்த தோளையும் பொடித் தையலில் மூடினார். நான் தேய்த்து அடுக்கினேன். பதினொன்றும் புதுச்சட்டை போலவே இருந்தன. சொன்னால் வெட்கம், அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் வெளியாகி நன்றாக ஓடியது. வெளிநாட்டு விழா ஒன்றில் பரிசு வாங்கியது. பிறகு பெரிய விருதுக்கு ஒன்பது பிரிவுகளில் அதன் பெயர் வந்தது. படம், இயக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, ஒலி என்று போய் ஒன்பதாவதாக உடை. உடை வடிவமைத்த மேடம் போன் செய்தார்.

"அக்கா, உடை நாமினேஷன்ல உங்க பேரும் என் பேரோட இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அனுப்பினேன்."

அண்ணி சரி மேடம், சரி மேடம் என்று நாலு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதுவரை படங்களின் கடைசியில், ஜனங்கள் எழுந்து வாசலுக்குப் போன பிறகு ஓடும் எழுத்துகளில்தான் அவர் பெயர் வரும். அன்று முழுக்கத் தைத்துக்கொண்டே இருந்தார். உள்ளூரச் சந்தோஷம்தான், ஆனால் அவருக்குச் சந்தோஷம் வந்தாலே அதன் பின்னால் ஏதோ வருகிறது என்ற பயமும் கூடவே வந்துவிடும்.

அடுத்த வாரம் அது வந்தது. விழாக் குழுவிலிருந்து கடிதம். பரிந்துரையான ஐந்து படங்களின் உடைகளையும் காட்சிக்கு வைப்பார்களாம். நடுவர்கள் கிட்டப் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். ஆறு நாளில் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு தாள்: இவை படத்தில் அணிந்த அதே உடைகள், படப்பிடிப்புக்குப் பின் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அதன் கீழே வடிவமைத்தவருக்கு ஒரு கோடு, உடைகளைப் பாதுகாத்தவருக்கு ஒரு கோடு.

நான் படித்துக் காட்டினேன். அண்ணி அலமாரியைத் திறந்து, என் கையால் அடுக்கிய பதினோரு நீலச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருநாள் முழுக்க மேடத்திடம் சொல்லவில்லை. இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டார். மூன்றாவது முறை சொன்னார். மறுமுனையில் மேடம், நோட்டு இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துக் கறையை மறுபடி போட்டுவிடுங்கள், உங்கள் கையை விட்டால் யாரால் முடியும், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பாகு காய்ச்சினோம். நோட்டை விரித்து வைத்து விரலால் அளந்து அளந்து கறை வைத்தார் அண்ணி. போதாததற்கு என் போனில் படத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மகளைத் தூக்கிப்போனவனை அந்த மனிதன் படிக்கட்டில் துரத்துகிற இடத்தில் திரையரங்கில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்களாம். நாங்கள் அந்த இடத்தை நாற்பது முறை பார்த்தோம், கைமடிப்புக்காக.

"குத்தவாளி யாருன்னு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று நடுவில் கேட்டார் அண்ணி.

தெரியவில்லை என்றேன். அவருக்கும் தெரியாது. இவ்வளவு நாள் அந்தப் படத்தோடு இருந்தும் நாங்கள் கதையைப் பார்க்கவே இல்லை.

பத்துச் சட்டைகள் சரியாக வந்தன. படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் என்னாலேயே சொல்ல முடியாது. ஒன்பதாவது மட்டும் மாட்டிக்கொண்டது. தையலைப் பிரித்ததும் தோள் பழையபடி தொங்கியது, ஆனால் கிழிசலின் இரண்டு ஓரத்திலும் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. ஆவி பிடித்தோம். கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தோம். பாதி மூடின, பாதி மூடவில்லை. பழைய வேலையில் ஒரு துளைக்காக ஒரு கட்டுச் சட்டையைத் திருப்பி அனுப்பியவர் அண்ணி. தன்னைப் போல் ஒரு நடுவர் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாவிட்டால் மேடத்தின் பெயரும் சேர்ந்து போகுமே என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதான். அண்ணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாளை மடிப்பார், பிரிப்பார். சாயம் காயாத துணியைத் தொடுவதுபோல ஓரத்தை மட்டும் தொடுவார்.

ஐந்தாம் நாள் மதியம் மேடம் பெட்டியோடு வந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அருமை அக்கா என்றார். தன் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

அண்ணி பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் கோட்டுக்கு மேலே எழுத ஆரம்பித்தார். அவருக்கு எழுத நேரமாகும். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டைகள் படத்தில் போட்டவைதான். எறும்பு வந்ததால் துவைத்துவிட்டேன். கறையும் கிழிசலும் நோட்டைப் பார்த்து மறுபடி செய்தவை. மேடத்துக்குப் பொறுப்பில்லை. அதற்குக் கீழேதான் பெயர் போட்டார்.

மேடம் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"அக்கா, என்ன பண்ணிட்டீங்க? இது உங்க பேரும்தானே?"

"என் பேருங்கறதாலதான் மேடம். முதல் தடவையா ஒரு தாள்ல கேக்கறாங்க. அதுல போய் இல்லாதத எப்படி எழுதறது?"

"எனக்கு இது எவ்வளவு முக்கியம்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அதான் அஞ்சு நாளா தூக்கமில்ல."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று வாங்கலாம். மேடத்தால் அது முடியும். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார், நின்றார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எதை அனுப்பினார் என்று எங்களுக்குத் தெரியாது. நாலு நாள் அந்தப் பயத்திலேயே கழிந்தது.

ஐந்தாம் நாள் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மேடம் அதே தாளைத்தான் அனுப்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, விதிப்படி உடைப் பிரிவிலிருந்து படம் நீக்கப்படுகிறது, சட்டைகளைப் போட்டிக்கு வெளியே காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று இருந்தது. அண்ணி இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு போய்ப் படுத்து, சாயங்காலம்வரை தூங்கினார்.

காட்சி பார்க்க நான் மட்டும் போனேன். ஓரமாக ஒரு சுவரில் பதினொன்றும் வரிசையாக மாட்டியிருந்தன. கீழே ஓர் அட்டையில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. ஒன்பதாவதற்கு முன்னால் ஒரு பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தோள் துணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

அந்தப் படம் நான்கு விருது வாங்கியது. ஒலி, ஒளிப்பதிவு, நடிப்பு, படத்தொகுப்பு. இப்போது அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எட்டுப் பரிந்துரை, நான்கு விருது என்று எழுதுகிறார்கள். கணக்கு சரிதான். மேடம் அதற்குப் பிறகு இரண்டு படம் செய்துவிட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. அண்ணி ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் துணி துவைக்கிறார், நான் தேய்க்கிறேன். போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. யார் என்று பார்த்து, மேடம் இல்லை என்று நான்தான் சொல்கிறேன்.